ஆட்டத்தை ஒளித்து வைக்காதீர்கள்: ரக்பி லீக் உலகக் கோப்பையை நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சர்வதேச ரக்பி லீக் அமைப்பின் நிர்வாகிகளுக்கும், 2026 உலகக் கோப்பையை நடத்தும் குழுவினருக்கும்,

வணக்கம்.

அக்டோபர் 15 அன்று சிட்னியில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மோத, உங்கள் உலகக் கோப்பை தொடங்குகிறது. சரியாக ஒரு மாதம் கழித்து, நவம்பர் 15 அன்று, பிரிஸ்பேனில் இறுதி ஆட்டம். டிக்கெட் வாங்கி அரங்கத்துக்கு வருகிறவர்களைப் பற்றி நீங்கள் நிறையவே யோசித்திருப்பீர்கள். நான் எழுதுவது வர முடியாதவர்களைப் பற்றி. எந்தச் சேனலும் இந்த ஆட்டத்தைக் காட்டாத ஒரு நாட்டில் உட்கார்ந்துகொண்டு, போனில் ஸ்கோர் மாறியிருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கும் ரசிகர்களைப் பற்றி. நானும் அவர்களில் ஒருவன்.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஆட்டம் எப்போது, எங்கே பார்க்கலாம், யார் ஆடுகிறார்கள் என்பதை ஒரே இடத்தில், முன்கூட்டியே, எந்த நாட்டில் இருப்பவருக்கும் புரிகிற மாதிரி சொல்லுங்கள். ஒளிபரப்பு உரிமையை யாரும் வாங்காத நாடுகளில் ஆட்டத்தை நீங்களே காட்டுங்கள். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இது திறந்த மடல் என்பதால் உங்களுக்கு முன்பே தமிழ் வாசகர்கள் படிப்பார்கள். அவர்களில் பலருக்கு ரக்பி என்றால் நினைவுக்கு வருவது வேறொரு ஆட்டம். ஆகவே நடுநடுவே அவர்கள் பக்கம் திரும்பியும் பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவர்களுக்கு: ரக்பியில் இரண்டு வகை உண்டு. அணிக்கு 15 பேர் ஆடுவது ரக்பி யூனியன். 13 பேர் ஆடுவது ரக்பி லீக். பந்தின் வடிவம், கையால் முன்னோக்கிப் போடக்கூடாது என்ற விதி, டிரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்துவது), டேக்கிள் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து நிறுத்துவது) எல்லாம் இரண்டிலும் உண்டு. ஆனால் லீக்கில் ஒருவரைப் பிடித்து நிறுத்திவிட்டால் பந்துக்காகக் குவியல் போட்டுச் சண்டை போடுவதில்லை. பிடிபட்டவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னால் உருட்டிவிடுவார், ஆட்டம் தொடரும். ஓர் அணிக்கு இப்படி ஆறு டேக்கிள்கள்தான். ஆறாவதும் முடிந்தால் பந்து எதிரணிக்குப் போய்விடும். கபடி பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பிய பிறகு மூன்றாவது 'டூ ஆர் டை' ரெய்டுக்குப் போகிறவரின் நெருக்கடி இருக்கிறதே, ஐந்தாவது டேக்கிளுக்குப் பிறகு இங்கேயும் அதே நெருக்கடிதான். உதைப்பதா, ஓடுவதா, ஓரத்துக்குப் பாஸ் கொடுப்பதா என்பதை அந்த நொடியில் முடிவு செய்ய வேண்டும். டிரைக்கு 4 புள்ளி, அதற்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் கன்வர்ஷனுக்கு 2, பெனால்டி உதைக்கு 2, ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் விட்டு எழும்பும்போது உதைக்கும் டிராப் கோலுக்கு 1. மொத்தம் 80 நிமிடம். ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்க இவ்வளவு தெரிந்தால் போதும். மீதி பார்க்கப் பார்க்க வந்துவிடும்.

இனி உங்களுக்கு.

இந்த ஆட்டத்தின் வரலாறே யாராவது ஒருவர் இதை மறைக்கப் பார்த்த வரலாறுதான். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஓட்டலில் வட இங்கிலாந்து கிளப்புகள் கூடிப் பிரிந்து வந்தன. ஆலையிலும் சுரங்கத்திலும் வேலை செய்தவர்கள் ஆட்டத்துக்காக விடுப்பு எடுத்தால் கூலி போகும். அந்தக் கூலியை ஈடுகட்ட அனுமதி கேட்டார்கள், ரக்பி யூனியன் நிர்வாகம் மறுத்தது. அதற்கப்புறம் நூறு ஆண்டுக் காலம், லீக் ஆடியவருக்கு யூனியன் கதவைச் சாத்தியே வைத்திருந்தது. பிரான்ஸில் இன்னும் மோசம். 1941இல், இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியோடு ஒத்துழைத்த விஷி அரசு இந்த ஆட்டத்தையே தடை செய்து, சொத்துகளையும் பறித்துக்கொண்டது. கிரேக்கத்தில் 2022 வரை முறையான அங்கீகாரம் கிடையாது. வீரர்கள் ஒளிந்து ஆடினார்கள், அதே ஆண்டு உலகக் கோப்பையிலும் வந்து நின்றார்கள்.

விஷி அடித்த அடியிலிருந்து எழுந்த பிரான்ஸ்தான் இந்த உலகக் கோப்பையையே தொடங்கி வைத்தது. பிரெஞ்சு ரக்பி லீக் தலைவர் பால் பாரியேர் முன்னின்று முயன்றதால் 1954இல் பிரான்ஸில் நான்கு அணிகளோடு முதல் போட்டி நடந்தது. பாரிஸில் நடந்த இறுதி ஆட்டத்தில் பிரிட்டன் 16–12 என்று பிரான்ஸை வென்றது. ரக்பி யூனியனுக்கு உலகக் கோப்பை என்ற ஒன்று வந்தது 1987இல். இந்த வரிசையை விளையாட்டு ரசிகர்களிடம் சொன்னால் நிறையப் பேர் நம்ப மறுக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, யாரும் சொல்லவில்லை.

இன்னொரு கதை. லீக்கின் அந்த உலகக் கோப்பை 1970இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் ஓர் ஓட்டலிலிருந்து திருடு போனது. இருபது ஆண்டு கழித்து, அதே ஊரில் ஒரு பள்ளத்தில் கிடந்து கிடைத்தது. உலகக் கோப்பையே இருபது ஆண்டு காணாமல் போயிருந்தது என்றால் வேறு விளையாட்டாக இருந்திருந்தால் உலகம் முழுக்கப் பேச்சாகியிருக்கும். இங்கே அதுவும் ரசிகர்களுக்குள்ளேயே சொல்லிச் சிரித்துக்கொள்கிற கதையாகத்தான் இருக்கிறது.

அன்றைக்கு மறைத்தவர்கள் வெளியாட்கள். இன்றைக்கு இந்த ஆட்டத்தைத் தடை செய்ய யாரும் இல்லை. பார்க்க ஆசைப்படுகிறவன் பார்க்க முடியாமல் போகிறான் என்றால் காரணம் நிர்வாகத்துக்குள்ளேதான் இருக்கிறது. கொஞ்சம் கடுமையாகத் தெரியலாம். ஆனால் இந்த மடலில் நான் சொல்ல வந்ததே இதுதான்.

முதல் தொல்லை காலண்டர். அடுத்த உலகக் கோப்பை எந்த ஆண்டு என்று ஒரு கால்பந்து ரசிகரைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வார். ரக்பி லீக் ரசிகரைக் கேட்டால் முதலில் ஒரு பெருமூச்சு வரும். 1968, 1970, 1972, 1975, 1977 என்று அடுத்தடுத்து நடந்தது. அப்புறம் 1985 முதல் 1988 வரை நான்கு ஆண்டு இழுத்து ஒரே ஓர் உலகக் கோப்பை. வழக்கமான டெஸ்ட் தொடர்களுக்கு நடுவே ஆங்காங்கே சில ஆட்டங்களை மட்டும் 'இது உலகக் கோப்பைக் கணக்கு' என்று எடுத்துக்கொண்டார்கள். அதை யார் எப்படித் தொடர்ந்தார்களோ! 2000க்குப் பிறகு அடுத்தது 2008. 2021இல் நடக்க வேண்டியது, பெருந்தொற்றைக் காரணம் காட்டி ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் விலகியதால் 2022க்குத் தள்ளிப் போனது. 2025இல் பிரான்ஸில் நடக்க வேண்டியது, பணப் பிரச்சினையால் 2023 மே மாதம் அந்த நாடு கைவிட்டதால் 2026க்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மாறியது. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருக்கலாம். தூரத்து ரசிகனுக்குக் காரணங்கள் வந்து சேர்வதில்லை. போட்டி நடக்குமா, நடக்காதா என்ற குழப்பம் மட்டும்தான் வந்து சேர்கிறது.

நடுவில் வரும் போட்டிகளின் பெயர்களும் நிலையாக இல்லை. மூன்று நாடுகள் ஆடிய டிரை நேஷன்ஸ் இருந்தது, பிறகு ஃபோர் நேஷன்ஸ் ஆனது, இப்போது பசிபிக் சாம்பியன்ஷிப்ஸ். 2023இல் அந்தப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்து ஆஸ்திரேலியாவை 30–0 என்று நொறுக்கியது. ஆஸ்திரேலிய அணியின் வரலாற்றிலேயே அதுதான் மிகப் பெரிய தோல்வி. ரக்பி லீக்கைப் பிடிக்கும் என்று சொல்கிறவர்களில்கூட இந்த ஆட்டம் நடந்ததே தெரியாதவர்களைச் சந்தித்திருக்கிறேன். மறுநாள் தலைப்புச் செய்தியாக வேண்டிய முடிவு அது.

அடுத்தது நேரம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இந்த முறை ஆட்டங்கள் சிட்னி, பிரிஸ்பேன், பெர்த், போர்ட் மோர்ஸ்பி, கிரைஸ்ட்சர்ச் என்று பரவிக் கிடக்கின்றன. அக்டோபரில் சிட்னி கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடும்; பிரிஸ்பேன் அப்படி மாற்றிக்கொள்வதில்லை. ஒரே நாடு, ஒரே கடற்கரைப் பக்கம், ஒரு மணி நேர வித்தியாசம். போர்ட் மோர்ஸ்பியில் பிரிஸ்பேன் நேரம். பெர்த் சிட்னியைவிட மூன்று மணி நேரம் பின்னால். கிரைஸ்ட்சர்ச் சிட்னியைவிட இரண்டு மணி நேரம் முன்னால். ஆக, அட்டவணையில் 'இரவு 8 மணி' என்று மொட்டையாகப் போட்டால் அது நான்கு வெவ்வேறு நேரங்களைக் குறிக்கும். கிரீன்விச் கணக்கில் கிரைஸ்ட்சர்ச் 8 மணி என்பது காலை 7. சிட்னி 8 என்பது காலை 9. பிரிஸ்பேன் 8 என்பது காலை 10. பெர்த் 8 என்பது நண்பகல் 12.

இதோடு விடவில்லை. போட்டி பாதியில் இருக்கும்போது, அக்டோபர் 25 அன்று, பிரிட்டனிலும் பிரான்ஸிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். அதற்கு முந்தைய வாரம் பிரிஸ்பேன் இரவு 8 மணி ஆட்டத்தை லண்டனில் காலை 11 மணிக்குப் பார்த்தவர், அடுத்த வாரம் அதே நேரத்துக்கு உட்கார்ந்தால் முழு ஒரு மணி நேரம் தவறியிருக்கும். இடைவேளையும் முடிந்து இரண்டாம் பாதி ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்கு மருந்து சின்னது. எல்லா ஆட்டங்களையும் உலகப் பொது நேரத்தில் குறித்து, போனில் இருக்கும் காலண்டரில் ஒரே தட்டலில் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு இணைப்பு கொடுங்கள். காலண்டர் அந்தந்த ஊர் நேரத்துக்குத் தானே மாற்றிக்கொள்ளும். நேரம் மாறினால் நீங்கள் ஒரு தடவை திருத்தினால் போதும்; எல்லார் போனிலும் திருந்திவிடும். அரையிறுதிக்கு யார் வருகிறார்கள் என்று தெரிந்ததும் அணிப் பெயர்களும் தானாக ஏற வேண்டும். ஆண்கள், பெண்கள், சக்கர நாற்காலி மூன்றும் ஒரே காலண்டரில் இருக்கட்டும், வேண்டாதவர்கள் எடுத்துவிடுவார்கள். படமாக ஓர் அட்டவணையைச் சமூக ஊடகத்தில் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அந்தப் படம் ஒரு வாரத்தில் பழசாகிப் போகும், ஆனாலும் பகிரப்பட்டுக்கொண்டே இருக்கும்.

சரி, எங்கே பார்ப்பது?

2022இல் நீங்கள் ஒரு நல்ல காரியம் செய்தீர்கள். ஆண்கள் 31, பெண்கள் 15, சக்கர நாற்காலி 15 என்று 61 ஆட்டங்களையும் பிரிட்டனில் பிபிசி காட்டியது. காசு கொடுக்கிற சேனல் எது, கொடுக்காத சேனல் எது என்று ஆட்டத்துக்கு ஆட்டம் தேட வேண்டிய அவசியம் அங்கே இல்லை. ஒளிபரப்பு உரிமையை விற்றால்தான் போட்டி நடத்தப் பணம் வரும் என்பது எங்களுக்கும் தெரியும். பெரிய சந்தைகளில் விற்றுக்கொள்ளுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்? சிக்கல், வாங்க ஆளே இல்லாத நாடுகளில். அங்கே உங்களுக்கு ஒரு பைசா வரவில்லை, எங்களுக்கு ஆட்டமும் வரவில்லை. ஆனால் நேரலை இணைப்பைத் தட்டினால் 'உங்கள் பகுதியில் கிடைக்காது' என்ற வரி மட்டும் தவறாமல் வருகிறது. யாருடைய உரிமையைக் காப்பாற்ற அந்தப் பூட்டு?

ஒரு போட்டிக்காக ஒரு விளையாட்டுச் செயலிக்குச் சந்தா கட்டினேன். முகப்பில் ஆட்டத்தின் படம் இருந்தது, பணமும் எடுத்துக்கொண்டார்கள், ஆட்டத்தைத் திறந்தால் என் நாட்டுக்கு அனுமதி இல்லை. பணம் போனதைவிட, வாங்குவதற்கு முன்பு அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை என்பதுதான் எரிச்சல். விபிஎன் வைத்துக் குறுக்கு வழியில் பார்க்கிறவர்கள் எத்தனையோ பேர் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அவர்களில் பெரும்பாலோர் காசு கொடுக்க மறுப்பவர்கள் இல்லை. கொடுப்பதற்கு ஒரு கவுண்டர் இல்லாதவர்கள்.

ஆகவே நாடு வாரியாக ஒரு பட்டியல் வேண்டும். பெரிய நாடுகள் பத்தும், அப்புறம் 'மற்றவை' என்று ஒரு வரியும் போட்ட பட்டியலை அல்ல கேட்கிறேன். எல்லா நாடும் அதில் இருக்க வேண்டும். இந்த நாட்டில் இந்தச் சேனல். இது இலவசம், இது சந்தா. எல்லா ஆட்டமும் உண்டா, இல்லை அரையிறுதியிலிருந்து மட்டுமா. முழு ஆட்டத்தைப் பிறகு பார்க்க முடியுமா. யாரும் வாங்காத நாட்டுக்கு எதிரே உங்கள் சொந்த நேரலை இணைப்பு. அது இலவசமாக இருந்தால் மகிழ்ச்சி. கட்டணம் வைத்தாலும் சரி, போட்டி முழுவதற்கும் ஒரே கட்டணமாக வையுங்கள். படம் காட்ட முடியாத இடத்தில் குரல் வர்ணனையாவது கொடுங்கள். மெதுவான இணைப்பிலும் குரல் நிற்காமல் வரும். இந்த ஆட்டத்தில் டேக்கிளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போவதால், நல்ல வர்ணனையாளர் வாய்த்தால் காதால் கேட்டே பதற்றத்தை உணரலாம்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஆண்டு, 2027இல், அதே ஆஸ்திரேலியாவில், அதே அக்டோபர்–நவம்பரில் ரக்பி யூனியன் உலகக் கோப்பை நடக்கிறது. 'ரக்பி உலகக் கோப்பை ஆஸ்திரேலியா' என்று தேடுகிற புது ரசிகனுக்கு எது முதலில் வரும் என்று நினைக்கிறீர்கள்? அவன் யூனியன் பக்கத்துக்குப் போய், 'ஓ, அடுத்த ஆண்டுதானா' என்று மூடிவிட்டுப் போய்விடுவான். உங்கள் போட்டி அப்போது நடந்துகொண்டிருக்கும். தேடினால் முதலில் வருகிற இடத்தில் உங்கள் அட்டவணையும் பார்க்கும் வழியும் இருக்க வேண்டும் என்று நான் அடித்துக்கொள்வதற்கு இதுவும் காரணம்.

அணிகளைப் பற்றியும் ரசிகனுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. ரக்பி லீக்கில் பெற்றோர், தாத்தா பாட்டி வழியிலும் ஒரு நாட்டுக்கு ஆடலாம். ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, நியூசிலாந்து மூன்றும் முதல் அடுக்கு. மற்ற நாடுகளுக்கும் அவற்றுக்கும் நடுவே வீரர்கள் மாறிக்கொள்ள விதியில் இடம் உண்டு. புதிதாகப் பார்ப்பவருக்கு இது குழப்பம். போன தடவை அந்தச் சட்டையில் இருந்தவர் இந்தத் தடவை எதிரணியில் எப்படி என்று கேட்பார். ஆனால் உண்மையில் இந்தப் போட்டியின் உயிரே அங்கேதான் இருக்கிறது. 2017இல் ஜேசன் டாமலோலோ நியூசிலாந்தையும், ஆண்ட்ரூ ஃபிஃபிடா ஆஸ்திரேலியாவையும் விட்டுவிட்டு டோங்காவுக்கு ஆட வந்தார்கள். டோங்கா நியூசிலாந்தை 28–22 என்று வென்றது. அரையிறுதியில் இங்கிலாந்திடம் தோற்றதும் வெறும் இரண்டே புள்ளியில், 20–18. லெபனான் அணியில் சிட்னியில் பிறந்து வளர்ந்தவர்கள் நிறைய. வேறு மண்ணில் வளர்ந்து, பெற்றோரின் நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு தேசிய கீதத்தின்போது அழுகிற இளைஞர்களை இந்தப் போட்டியில் பார்க்கலாம். உலகம் முழுக்கச் சிதறி வாழும் தமிழர்களுக்கு அந்த அழுகைக்கு விளக்கம் வேண்டியதில்லை.

அப்படியிருக்க, அணிப் பட்டியலை வெறும் பெயர்களாக வெளியிடுவது அநியாயம். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு வரி போதும்: எந்த கிளப், எந்த இடத்தில் ஆடுகிறார், இந்த நாட்டோடு அவருக்கு என்ன உறவு.

பெண்கள் போட்டியையும் சக்கர நாற்காலிப் போட்டியையும் பற்றி. 2022இல் பெண்கள் இறுதி ஆட்டத்தை ஆண்கள் இறுதி ஆட்டம் நடந்த அதே நாளில், அதே ஓல்ட் டிராஃபோர்டு அரங்கில் வைத்தீர்கள்; ஆஸ்திரேலியா 54–4 என்று நியூசிலாந்தை வென்றது. முடிவு ஒருபக்கமாகப் போனாலும் ஏற்பாடு நன்றாக இருந்தது. அதற்கு முந்தைய நாள் மான்செஸ்டரில் நடந்த சக்கர நாற்காலி இறுதி ஆட்டம்தான் அந்தப் போட்டியிலேயே எனக்குப் பிடித்தது. அணிக்கு ஐந்து பேர். ஆணும் பெண்ணும் ஒன்றாக ஆடலாம், உடல் குறைபாடு இல்லாதவர்களுக்கும் இடம் உண்டு. டேக்கிளுக்குப் பதில் தோளில் மாட்டியிருக்கும் பட்டையைப் பிடுங்க வேண்டும். பிரான்ஸில் பிறந்த ஆட்டம், அந்த பிரான்ஸைத்தான் இங்கிலாந்து 28–24 என்று வென்றது. கடைசி நிமிடங்களில் கேப்டன் டாம் ஹாலிவெல் போட்ட டிரை வெற்றியைக் கொடுத்தது. 4,500 பேருக்கு மேல் உள்ளே இருந்தார்கள். நாற்காலிகள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தத்தை ஒரு நிமிடக் காட்சியாகப் போட்டாலே, இதுவரை ரக்பியே பார்க்காதவர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள். விளம்பரத்துக்கு இதைவிட நல்ல சரக்கு உங்களிடம் இல்லை. இதைப் பட்டியலின் அடியில், சின்ன எழுத்தில் போடாதீர்கள்.

ஆண்கள் போட்டியில் 2022இல் 16 அணிகள் ஆடின. இப்போது 10. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ், இத்தாலி, கிரேக்கம், ஜமைக்கா ஆறும் இல்லை. தரம் கூடும், ஒருபக்க ஆட்டங்கள் குறையும் என்பது உங்கள் வாதமாக இருக்கும். நான் முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜமைக்கா நியூசிலாந்திடம் 68–6 என்று தோற்றது உண்மைதான். ஆனால் அந்த 6 புள்ளிக்குக் காரணமான பென் ஜோன்ஸ்-பிஷப்பின் டிரை, ஜமைக்கா உலகக் கோப்பையில் போட்ட முதல் டிரை. அரங்கமே எழுந்து நின்று கொண்டாடியது. அதைப் பார்த்துவிட்டு அந்த ஆட்டத்தை வீண் என்று எப்படிச் சொல்வது? சரி, முடிவு எடுத்தாகிவிட்டது. ஆனால் அந்த ஆறு நாட்டு ரசிகர்களுக்கு இந்த முறை சொந்த அணி கிடையாது என்பதால் அங்கே சேனல்கள் வாங்கும் ஆர்வமும் குறையும். திறந்த நேரலையை முதலில் எங்கே கொடுக்கலாம் என்று நீங்கள் யோசித்தால், அந்த நாடுகளிலிருந்து தொடங்கலாம்.

பழைய ஆட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 அக்டோபர் 15 அன்று, தொடக்க ஆட்டத்தில் இங்கிலாந்து சமோவாவை 60–6 என்று வென்றது. சமோவா கதை முடிந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள். சரியாக நான்கு வாரம் கழித்து, லண்டனில், அதே இரண்டு அணிகளும் அரையிறுதியில் சந்தித்தன. 26–26. கூடுதல் நேரம், முதலில் புள்ளி எடுப்பவர் வெற்றி. ஸ்டீஃபன் கிரைட்டன் உதைத்த டிராப் கோல் 27–26 ஆக்கியது. ஒரு பசிபிக் தீவு நாடு முதல்முறையாக உலகக் கோப்பை இறுதிக்குப் போனது. இறுதியில் ஆஸ்திரேலியா 30–10 என்று வென்று 12ஆவது கோப்பையை எடுத்துக்கொண்டது வேறு விஷயம். ரக்பி லீக் என்றால் என்ன என்று கேட்பவருக்குக் காட்ட அந்த அரையிறுதியைவிடச் சிறந்த ஆட்டம் இல்லை. அதை முழுமையாக, எந்த நாட்டிலிருந்தும், எந்தப் பூட்டும் இல்லாமல் பார்க்க வழி செய்யுங்கள். 2008இல் நியூசிலாந்து பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவை 34–20 என்று கவிழ்த்த இறுதி ஆட்டமும், 2017இல் ஃபிஜி 4–2 என்று நியூசிலாந்தை வெளியேற்றிய காலிறுதியும் அதோடு இருக்கட்டும். நான்கு ஆண்டு கழித்து அந்தக் காட்சிகளை யாருக்கு விற்று என்ன லாபம் பார்க்கப் போகிறீர்கள்?

கூடவே ஒரு சின்ன நாகரிகம்: முழு ஆட்டத்தைப் பிறகு பார்க்க வைக்கும்போது தலைப்பிலும் முகப்புப் படத்திலும் ஸ்கோரைப் போடாதீர்கள். வேலைக்குப் போய்விட்டு வந்து இரவு பார்க்கலாம் என்று நாள் முழுக்கச் செய்தியைத் தவிர்த்துக்கொண்டிருப்பவரின் பாடு, கோப்பையைத் தூக்கும் படத்தோடு அந்த நொடியே முடிந்துவிடுகிறது.

இதைப் படிக்கும் தமிழ் ரசிகர்களுக்கும் சில வார்த்தைகள். அக்டோபர் வரை காத்திருக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் என்ஆர்எல் (தேசிய ரக்பி லீக்) கிளப் போட்டி மார்ச் முதல் அக்டோபர் தொடக்கம் வரை நடக்கும். உலகக் கோப்பையில் நீங்கள் பார்க்கப் போகும் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அங்கேதான் ஆடுகிறார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு 'வாட்ச் என்ஆர்எல்' என்ற சந்தாச் சேவை இருக்கிறது. சந்தா வேண்டாம் என்றால் யூடியூபில் ஹைலைட்ஸ் பார்க்கலாம். நான்கைந்து ஆட்டம் பார்த்தால் ஆறு டேக்கிளின் தாளம் பிடிபட்டுவிடும். அப்புறம் ஓர் அணியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். யார் பக்கமும் இல்லாமல் பார்த்தால் பாதி சுவைதான். என் சிபாரிசு பப்புவா நியூ கினி. ரக்பி லீக்தான் அந்த நாட்டின் தேசிய விளையாட்டு. 2028இல் அந்த நாட்டுக்கென்று ஓர் அணி என்ஆர்எல்லில் நுழையப் போகிறது. போர்ட் மோர்ஸ்பியில் சொந்த மக்கள் முன்னால் அவர்கள் ஆடும் ஆட்டத்தை மட்டும் எப்பாடுபட்டாவது பார்த்துவிடுங்கள். சந்தா எதற்காவது பணம் கட்டுவதற்கு முன், உங்கள் நாட்டில் உலகக் கோப்பை உண்டா என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். செயலியின் முகப்புப் படத்தை நம்ப வேண்டாம்.

மறுபடியும் உங்களிடம், நிர்வாகிகளே. புது ரசிகர்களைப் பிடிக்க என்ஆர்எல் 2024 முதல் ஆண்டுதோறும் லாஸ் வேகஸ் வரை போய் ஆட்டம் நடத்துகிறது. அந்தச் செலவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் கேட்கிற காலண்டர் இணைப்புக்கும், நாடு வாரிப் பட்டியலுக்கும், இரண்டு வரி வீரர் குறிப்புக்கும் விமான டிக்கெட் எதுவும் தேவையில்லை. அலுவலகத்தில் நாலு பேர் உட்கார்ந்து செய்தால் முடிகிற வேலை. நேரலைதான் கொஞ்சம் செலவு பிடிக்கும். அதற்கும் காமிராக்கள் எப்படியும் அரங்கத்தில் இருக்கத்தான் போகின்றன.

செப்டம்பர் முதல் வாரத்துக்குள் அந்தப் பட்டியலை வெளியிடுங்கள். சந்தா கட்டுவதா, விடுப்புக் கேட்பதா, அலாரம் வைப்பதா என்று முடிவு செய்ய எங்களுக்கு அந்த ஒன்றரை மாதம் வேண்டும். பட்டியலில் எங்கள் நாட்டுக்கு எதிரே 'யாரும் வாங்கவில்லை' என்றிருந்தால் அதையும் அப்படியே எழுதி, பக்கத்தில் உங்கள் இணைப்பைக் கொடுங்கள். இந்த மடலுக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
தூரத்திலிருந்து தொடரும் ஒரு தமிழ் ரசிகன்